பதினோரு நாள்

தஞ்சாவூரில் மண் வேதியியல்,
சென்னையில் புள்ளியியல்,
மேகாங் கழிமுகத்திலிருந்து பேராசிரியர் லின்,
தலைஞாயிறுக்குக் கிழக்கே தனக்கொடி.
கூட்டாய்வு என்றால் இவ்வளவு தூரம்.
நான் நடுவில்,
பேருந்துச் சீட்டுகளைத் தாளில் ஒட்டுகிறவன்.

முதல் கூட்டம் ரேஷன் கடை வாசலில்.
'நிலைத்த வளர்ச்சி' என்று பேனர் கட்டியிருந்தோம்.
பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்:
"நிலைச்சுப் போயிட்டா அப்புறம் எங்கங்க வளர்றது?"
லின்னுக்கு மொழிபெயர்த்தேன்.
சிரித்தார், பிறகு குறித்துக்கொண்டார்.
அவர் ஊரிலும் கடல் இப்படித்தானாம்,
ஆறு மெலிந்த மாதம் பார்த்து
அடியில் ஊர்ந்து வருமாம்.

பதினேழு அடிபம்பு, எட்டுக் கிணறு,
அடப்பாற்றில் இரண்டு இடம்.
மீட்டர் முனையை நனைத்து
நோட்டில் எண் எழுத வேண்டும்.
நாளுக்கு எண்பது ரூபாய்,
'இதர செலவு' என்ற தலைப்பில்.
மேட்டூர் அடைத்த சில வாரத்தில்
எண்கள் ஏறத் தொடங்கும்.
சுத்தமான நோட்டு.
தனக்கொடியின் ஏழு மட்டும்
கோட்டுக்குக் கீழே வால் நீட்டும்.

இரண்டாம் வருஷம் நஜீப் சென்னையிலிருந்து அழைத்தார்.
"நவம்பர் நாலுலேர்ந்து பதினாலு வரைக்கும் பாருங்க.
எல்லாமே நூறு நூறா முடியுது.
தண்ணி இவ்வளவு ஒழுங்கா இருக்காது."

போனேன்.
தாளடி நடவிலிருந்து ஏறி
காலில் சேற்றோடு நின்றாள். மறைக்கவில்லை.
"பேட்டரி செத்துப்போச்சு சார். போன் போட்டேன்.
பில்லு வச்சு கேளுங்கன்னீங்க.
வாங்காத பேட்டரிக்கு எப்படி பில்லு வைக்கிறது?"
சொல்லியிருப்பேன். என் வாக்கியம்தான் அது.

"அப்ப அந்த எண்ணெல்லாம்?"

"வாயில விட்டுப் பார்த்தேன்.
சப்புன்னு இருந்தா எட்டு நூறு.
சவுறு தட்டுனா ரெண்டாயிரம்.
தொண்டையில நின்னா மூவாயிரத்துக்கு மேல.
மீட்டர் சொல்றதுக்கு முன்னாடி
நான் ஒண்ணு சொல்லிப் பார்க்கிறது வழக்கம்."

பத்து டம்ளர் வைத்தோம், பெயர் ஒட்டாமல்.
ஆறு ஏறக்குறைய சரி.
இரண்டு கொஞ்சம் தள்ளி.
இரண்டு ஒட்டவே இல்லை.
இறால் குட்டைக்கு அடுத்த பம்புத் தண்ணீர் அவை.
"இது உப்பு இல்ல, வேற என்னமோ"
என்று துப்பினாள்.
எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அன்றிரவு திரையில் மூன்று மணி நேரம் பேசினோம்.
நாக்கு கருவியா என்று ஒருவர்.
பிழையின் அளவு தெரிந்தால் எதுவும் கருவிதான் என்று நஜீப்.
நிதி கொடுப்பவர்களிடம் என்ன சொல்வது என்று
தஞ்சாவூர்.
லின் மட்டும் திரும்பத் திரும்ப
அந்த இரண்டு டம்ளரைப் பற்றியே கேட்டார்.

கடைசியில் பதினோரு நாளையும் நீக்கினோம்.
'கருவிப் பழுது' என்று அடிக்குறிப்பு.
பழுது கருவியில் இல்லை என்று எனக்குத் தெரியும்.
கை தட்டச்சு செய்துவிட்டது.

ஆசிரியர் வரிசையில் தனக்கொடி ஐந்தாவது.
நிறுவனத்தின் பெயர் இல்லாமல்
பக்கம் நகர மறுத்தது.
கீழத்தெரு என்று அடித்தேன். நகர்ந்தது.
மின்னஞ்சல் கேட்டது. என்னுடையதைக் கொடுத்தேன்.

அதிலிருந்து அவளுக்கு வரும் கடிதங்கள்
என்னிடம் வருகின்றன.
'மதிப்பிற்குரிய முனைவர் தனக்கொடி அவர்களுக்கு' என்று.
போன வாரம் ஒரு மாநாட்டு அழைப்பு,
பதிவுக் கட்டணம் நானூறு டாலர்.
ஆற்றங்கரையில் நின்று படித்துக் காட்டினேன்.
நானூறை எண்பதால் பெருக்கி
முந்தானையில் கை துடைத்துக்கொண்டே கேட்டாள்:
"பேட்டரி பில்லை இவுங்ககிட்ட வைக்கலாமா சார்?"

இறால் குட்டைப் பக்கம் புதிதாக மூன்று குழாய் இறக்கியிருக்கிறோம்.
அங்கே இன்னும் எந்த எண்ணும் எழுதவில்லை.